மின்சாரக் காரில் குளிர்காயும் வகை

நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகருக்குச் சாலை வழியே செல்வோர் இடையிலுள்ள மலைகளைக் கடந்தே தீரவேண்டும். அம்மலைகளின்மேல் ஹார்டாங்கர்விடா என்னும் பீடபூமி, கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மரங்களின்றி வெறுமையாய்ப் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே காற்று எழுந்துவிட்டால் பனியை வாரி இறைக்கும். முன்னே செல்லும் வண்டி கண்ணுக்குப் புலப்படாது. அத்தகைய நாட்களில் சாலைத் துறையினர் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டு வண்டிகளை வரிசையாய் நிறுத்திவிடுவர். பனி வாரும் பெரிய வண்டியொன்று முன்னே செல்ல, மற்றவை அதன் பின்னே ஒன்றையொன்று தொடர்ந்து செல்லவேண்டும். முறை வரும்வரை காத்திருக்க அரைமணி ஆகலாம்; பல மணி நேரமும் ஆகலாம். போதிய குளிர்கால உடையின்றி வருவோரை வரிசையில் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

அவ்வாறு காத்து நிற்கும் வரிசையில் இக்காலத்தில் மின்சாரக் கார்கள் மிகுதி. 2024-ஆம் ஆண்டில் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழுக்க முழுக்க மின்சாரத்தால் ஓடுபவை. இவ்வகையில் உலக நாடுகளுள் முன்னணியில் நிற்பது நார்வே. அந்நாட்டின் குளிரோ சாமானியமானதன்று. வடகோடியிலுள்ள கராஷோக் என்னும் ஊரில் 1886-ஆம் ஆண்டில் பதிவான குளிர், உறைநிலைக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேடுக்கும் அதிகம். அவ்வட்டாரத்துக் கடற்கரை ஊர்களில் மீன் பதனிடும் சாலைகளுக்கு வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து 1980-களில் சென்ற தமிழர் பலர் என்பது நம்மில் சிலர் அறிந்த செய்தி. மார்கழி மாதத்து விடியற்காலையையே பெருங்குளிரென்று எண்ணியிருந்தவர்கள் அவர்கள்!

இத்தகைய நாட்டில், நெருப்பே இல்லாத வண்டிக்குள் அமர்ந்து செல்லும் குழந்தைகளும் முதியோரும் குளிரால் வாடாமல் ஊர் போய்ச் சேர்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு அந்நாட்டு மக்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டுவந்த விடைகளில், தறியும் ஏரும் அறிந்த நம் அங்கத்தினர்களுக்குப் பழக்கமான செய்திகள் பல இருக்கின்றன. ஆதலால் அவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுதலாமென்று எண்ணுகிறோம்.

பெட்ரோல் காரில் இவ்வினாவே எழுவதில்லை. எஞ்சினுக்குள் எரியும் எண்ணெயின் சக்தியில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரங்களைச் சேர்கிறது. மற்றதில் பெரும்பகுதி உஷ்ணமாகவே வெளியேறிவிடுகிறது. அவ்வுஷ்ணத்தைத் தணிப்பதற்கென்றே ரேடியேட்டர் என்னும் சாதனத்தை வண்டியின் முன்புறத்தில் அமைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவ்வுஷ்ணத்தில் ஒரு சிறு பகுதியை உள்ளே திருப்பிவிட்டால் போதும். வெல்லம் காய்ச்சுவோர் சாறு பிழிந்த கரும்பின் சக்கையையே அடுப்புக்கு இட்டுக் காய்ச்சுவதில்லையா? அதைப் போன்றது இது. வீணாகப் போவதைப் பயன்படுத்துவதால் தனிச்செலவு ஏதுமில்லை.

மின்சாரக் காரிலோ சக்கையென்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பாட்டரியிலிருந்து புறப்படும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் மோட்டார் இயக்கமாக மாற்றிவிடுகிறது. இது அதன் சிறப்பு. குளிர்காலத்தில் இதுவே அதன் இடர்ப்பாடு. உள்ளே இருப்போருக்கு வெப்பம் வேண்டுமானால், வண்டி ஓடுவதற்கென்று சேமித்து வைத்த அதே பாட்டரியிலிருந்துதான் அதையும் எடுக்கவேண்டும். குளிர்காய்வதற்கும் ஊர் சேர்வதற்கும் குதிர் ஒன்றே என்க.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நடுத்தரமான மின்சாரக் காரொன்றின் பாட்டரியில் 60 யூனிட் மின்சாரம் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு மீட்டர் காட்டுகிற அதே யூனிட்தான். குளிர்ந்த சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட, ஓட்டத்திற்கு மட்டும் 20 யூனிட் செலவாகுமானால், அது 300 கிலோமீட்டர் செல்லும். உள்ளே வெப்பமூட்டும் கருவி 3 கிலோவாட் இழுப்பதாகக் கொள்வோம். மூன்று இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் காய்ந்துகொண்டிருப்பதற்கு இது சமம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றேமுக்கால் மணியளவு ஆகும். வெப்பத்திற்கு 5 யூனிட். வண்டி 240 கிலோமீட்டர் செல்லும். ஆனால் பனியிலும் நெரிசலிலும் அகப்பட்டு மணிக்கு 20 கிலோமீட்டராக ஊர்ந்தால், அதே நூறு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். வெப்பத்திற்கு மட்டும் 15 யூனிட்! ஓட்டத்தின் செலவு தூரத்தைப் பொறுத்தது. வெப்பத்தின் செலவோ நேரத்தைப் பொறுத்தது. மின்சாரக் கார் வைத்திருப்போர் பலரும் முதற் குளிர்காலத்தில் ஏமாந்துபோவது இந்த வேறுபாட்டை அறியாமையால்தான்.

நார்வேயில் 2011-ஆம் ஆண்டிலிருந்து பெருவாரியாக ஓடத் தொடங்கிய நிஸ்ஸான் லீப் காரின் பாட்டரி 24 யூனிட் மட்டுமே கொண்டது. அதன் வெப்பக் கருவி, மின்சாரத்தை நேரே உஷ்ணமாக்குகின்ற வகையைச் சேர்ந்தது; வீட்டு அடுப்பைப் போல ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் உஷ்ணம் தரும், அதற்குமேல் தராது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் பாட்டரி முள் இறங்குவதைக் கண்டு அஞ்சி, வெப்பத்தை அறவே நிறுத்திவிட்டு, மேலங்கியும் கையுறையும் அணிந்தபடியே ஓட்டிச் சென்றனர். ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியார் அவ்வாண்டில் வெளியிட்ட மின்சாரக் காரொன்றில், வெப்பத்திற்கென்று மட்டும் எரிசாராயத்தால் எரியும் தனி அடுப்பையே பொருத்தியிருந்தனர். மின்சார வண்டிக்குள் சாராய அடுப்பு! இன்று நகைப்பாகத் தோன்றினாலும், ஓட்டத்திற்கும் வெப்பத்திற்கும் தனித்தனிக் குதிர் வைத்த அந்த யோசனையில் நியாயம் இருந்தது.

நிலைமையை மாற்றியது வெப்பப் பம்பு என்னும் சாதனம். 2013-ஆம் ஆண்டு மாதிரியான லீப் கார்களில் இது வந்தது. இன்று மின்சாரக் கார்கள் பலவற்றில் உண்டு. இதன் தத்துவத்தை அறியக் கிணற்றையும் ஏற்றத்தையும் நினைத்துக்கொண்டால் போதும். ஏற்றம் இறைப்பவன் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடப்பதை மேலே கொணர்கிறான். அவ்வாறே இச்சாதனமும் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் உஷ்ணத்தை எடுத்து உள்ளே ஏற்றுகிறது. உறைபனிக் காற்றில் உஷ்ணம் ஏது என்று வினவலாம். நம் உடலுக்குக் குளிராகத் தோன்றுவதால் அதில் உஷ்ணமே இல்லையென்று ஆகிவிடாது. ஆழத்தில் கிடக்கும் தண்ணீரைப் போல் அது தாழ்ந்த நிலையில் கிடக்கிறது, அவ்வளவுதான். குளிர்ப்பெட்டியின் பின்புறத்தைத் தொட்டால் சூடாயிருப்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். உள்ளிருக்கும் பண்டங்களிலிருந்து எடுத்த உஷ்ணமும் யந்திரம் இழுத்த மின்சாரமும் சேர்ந்து அங்கே வெளிப்படுகின்றன. காரில் அதே வேலை திசை மாறி நடைபெறுகிறது.

உறைநிலையை ஒட்டிய குளிரில் நல்ல வெப்பப் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டு அல்லது மூன்று யூனிட் உஷ்ணத்தை உள்ளே ஏற்றிவிடும். ஆனால் கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்க ஒவ்வொரு சால் இறைப்புக்கும் பாடு மிகுவது போல, வெளிக்குளிர் கடுமையாகுந்தோறும் பம்பின் பயன் குறைகிறது. உறைநிலைக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரிக்குப் போய்விட்டால் பெரும்பாலானவற்றில் அது சாதாரண அடுப்பைவிட மிகுந்த பயன் தருவதில்லை. எந்த நாளில் வெப்பம் மிக அதிகமாகத் தேவைப்படுமோ அந்த நாளில்தான் இச்சாதனம் கை தளர்கிறது என்பதைக் கார் வாங்குவோருக்கு விற்பனையாளர் அவ்வளவு விளக்கமாகச் சொல்வதில்லை.

அந்நாட்டு மோட்டார்காரர் சங்கம் 1924-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கத்தினர் பலத்தில் நிற்பது. அது சில ஆண்டுகளாகக் குளிர்காலந்தோறும் பல கம்பெனிகளின் கார்களை ஒரே நாளில் ஒரே சாலையில், பாட்டரி தீருமட்டும் ஓட்டிப் பார்த்து, கம்பெனியார் அறிவித்த தூரத்திற்கும் உண்மையில் ஓடிய தூரத்திற்கும் உள்ள வேறுபாட்டை வெளியிட்டு வருகிறது. சில கார்கள் பத்தில் ஒரு பங்கையே இழக்கின்றன. சில மூன்றில் ஒரு பங்கையும், கடுங்குளிரில் அதற்கு மேலும் இழக்கின்றன. வாங்குவோர் ஒன்றுகூடித் தாமே சோதித்துக்கொள்ளும் இம்முறையை நம் சங்கத்தார் கவனிப்பது நன்று. குளிரில் பாட்டரியும் மந்தமாகிவிடுவதால் அதற்கும் ஓரளவு வெப்பமூட்ட வேண்டியிருக்கிறது. அது நீண்ட கதையாதலின் இங்கே விடுத்துச் செல்கிறோம்.

இனி, செலவைக் குறைக்கும் வழிகளுக்கு வருவோம். அவற்றுள் தலையாயது புறப்படுவதற்கு முன்பே வெப்பமூட்டி வைத்தல். நூலுக்குச் சாயமிடுவோர் அறிவர்: சாயத் தொட்டியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத்தான் விறகு மிகுதியாக வேண்டும், கொதித்தபின் அந்நிலையில் வைத்திருக்கச் சிறு தீயே போதும். காரும் அவ்வாறே. இரவெல்லாம் உறைந்து நின்ற இருக்கை, கண்ணாடி, தகடு யாவும் சூடேறும்வரை கருவி 4, 5 கிலோவாட் இழுக்கும். பிறகு ஒன்றரை, இரண்டு கிலோவாட்டில் அடங்கிவிடும். அந்த முதற் செலவை வண்டியின் பாட்டரியிலிருந்து செய்யாமல் வீட்டு மின்சாரத்திலிருந்து செய்துவிட்டால் வழிக்கு வேண்டிய சேமிப்பு குறையாது. ஆகவே நார்வேக்காரர் காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாயின், வண்டி சுவர்ப் பிளக்கில் இணைந்திருக்கும்போதே ஆறரை மணிக்குத் தானாக வெப்பமேறத் தொடங்குமாறு முந்திய இரவே குறித்து வைத்துவிடுகிறார். கண்ணாடியில் படிந்த உறைபனியும் உருகிவிடும். சுரண்டும் வேலை மிச்சம். அந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்வீழ்ச்சிகளிலிருந்து கிடைப்பது. பெட்ரோல் கார்களின் காலத்திலேயே எஞ்சினைச் சுவர் மின்சாரத்தால் சூடாக்கி வைக்கும் வழக்கம் அங்கே இருந்ததால், இது அவர்களுக்குப் புதிய பழக்கமன்று. மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்து, வண்டியைத் தெருவோரம் நிறுத்துவோர்க்குத்தான் இவ்வசதி இல்லை. அவர்கள் பாடு கஷ்டமே.

இரண்டாவது வழி, காற்றைச் சூடாக்குவதைவிட மனிதரைச் சூடாக்குவது. இருக்கைத் துணிக்கடியில் கம்பியோட்டிச் சூடேற்றும் சாதனம் ஒவ்வொன்றும் 50 முதல் 100 வாட்வரையே இழுக்கும். பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. ஓட்டும் சக்கரத்தைச் சூடாக்குவதற்கும் ஏறக்குறைய இவ்வளவே. நால்வர் இருக்கையும் சூடானாலும் அரைக் கிலோவாட்டைத் தாண்டாது. முதுகும் தொடையும் கையும் வெதுவெதுப்பாய் இருந்தால், காற்று 22 டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் 18 டிகிரி இருந்தாலும் உடல் பொறுத்துக்கொள்கிறது. இதில் ஒரு குறை. கார்கள் பலவற்றில் முன்னிருக்கை இரண்டிற்கு மட்டுமே இவ்வசதி வைத்திருக்கிறார்கள். பின்னிருக்கையில் அமர்பவர் யார்? குழந்தைகளும் வயோதிகருமே. ஓட்டுபவர் தம் முதுகு சூடாயிருப்பதை நம்பிக் காற்றின் வெப்பத்தைக் குறைத்துவிட்டால், பின்னே இருக்கும் பாட்டி நடுங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது வேறு, பிறர் உடலில் மிச்சம் பிடிப்பது வேறு அன்றோ?

பின்னிருக்கைக்கு ஏற்றது நம்மவருக்கு நன்கு தெரிந்த சரக்காகிய கம்பளியே. துணி எதுவும் உஷ்ணத்தை உண்டாக்குவதன்று. இழைகளுக்கிடையே அசையாக் காற்றைப் பிடித்து வைத்து, உடலின் உஷ்ணம் ஓடிவிடாமல் தடுப்பதே அதன் தொழில். ஆட்டு உரோமம் இயல்பாகவே சுருண்டது. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் இழைக்குள் காற்று தங்கும். மேலும் அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. பருத்தி அவ்வாறன்று. உலர்ந்த பஞ்சு மெத்தை நல்ல வெப்பம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றிவிடும். ஆகவே அந்நாட்டார் உடலை ஒட்டி அணியும் உள்ளாடையைக்கூட ஆட்டு உரோமத்திலேயே அணிகின்றனர். பருத்தி நெசவாளராகிய நமக்கு இது கேட்க இனிக்கும் செய்தியன்று என்றாலும் உள்ளதை உள்ளவாறு சொல்லவேண்டும். அங்கே அந்த உரோமத்தில் பெரும்பகுதியைச் சேகரித்துத் தரம் பிரித்து விற்பது, நோர்தூரா என்னும் விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனத்தைச் சேர்ந்த கம்பெனியே என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

குழந்தைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பஞ்சடைத்த தடித்த மேலங்கியோடு குழந்தையை இருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினால், வார் இறுக்கமாய் இருப்பதுபோலத் தோன்றும். மோதல் நேர்ந்தால் அங்கி நசுங்கி, வாருக்கும் உடலுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகிக் குழந்தை நழுவக்கூடும். ஆதலின் மெல்லிய கம்பளிச் சட்டையோடு வாரைப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்தவேண்டும் என்பது பாதுகாப்பு அறிந்தோர் கூறும் முறை. இதற்கு வண்டி முன்கூட்டியே வெதுவெதுப்பாய் இருத்தல் அவசியம். குழந்தையுள்ள வீட்டில் புறப்படுமுன் சூடேற்றி வைப்பது சௌகரியத்துக்காக மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியே விடாமல் திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் என்ன என்று சிக்கனக்காரர் கேட்கலாம். மிச்சம் உண்டு, ஆனால் நால்வர் மூச்சிலும் பனி ஒட்டிய காலணியிலும் உள்ள ஈரம் வெளியேற வழியின்றிக் கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்துவிடும். ஓரளவு புதுக்காற்று வந்தே ஆகவேண்டும். கண்ணாடி மங்கினால் சிக்கனத்தை மறந்து அதைத் தெளிவாக்குவதே முதற் கடமை.

எல்லாவற்றிலும் பெரிய அச்சம், வழியில் பனியில் அகப்பட்டு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி தெற்கு ஸ்வீடனில் இ22 என்னும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் பனிப்புயலில் சிக்கி நின்றன. சிலர் ஒரு நாளுக்கும் மேலாக வண்டிக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. மின்சாரக் காரில் இருப்போர் இத்தகைய நிலையில் உறைந்தே போவர் என்ற பேச்சு பரவலாக உண்டு. நாம் மேலே பார்த்த கணக்கைக் கொண்டே இதையும் பார்ப்போம். 60 யூனிட் பாட்டரியில் பத்தில் ஏழு பங்கு மீதமிருந்தால் 42 யூனிட். நின்ற வண்டிக்கு ஓட்டச் செலவு கிடையாது. மீண்டும் புறப்படப் பத்து யூனிட்டை ஒதுக்கிவிட்டு, வெப்பத்திற்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் என்று கொண்டால், 16 மணி முதல் 21 மணி நேரம் வரை வெதுவெதுப்பாய் இருக்கலாம். காற்றைக் குறைத்து இருக்கைச் சூட்டையும் கம்பளியையும் நம்பினால் இன்னும் நெடுநேரம் தாங்கும். பாட்டரி ஏற்கெனவே வறண்ட நிலையில் மலையேறத் தொடங்கியவருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர் நிலை ஆபத்தானதே.

பெட்ரோல் வண்டியில் இருப்போருக்கு இத்தகைய இரவில் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. வெப்பத்திற்காக எஞ்சினை ஓடவிட்டிருக்கையில் பனி குவிந்து சைலன்சர் குழாயை மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கம் வருவதுபோல் உயிரைக் கொண்டுபோய்விடும். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், தந்தை வெளியே நின்று காரைச் சுற்றியுள்ள பனியை வாரிக்கொண்டிருக்க, குளிருக்காக ஓடவிட்ட காருக்குள் அமர்ந்திருந்த தாயும் சிறு குழந்தையும் இவ்வாறே உயிரிழந்தனர். மின்சாரக் காரில் எரிவதொன்றும் இல்லை. ஆகவே அதிலிருந்து இவ்வாயு தோன்றுவதில்லை. இரவெல்லாம் குழந்தைகளை உறங்கவிட்டு வெப்பத்தை ஓடவிடலாம். அண்டையில் நிற்கும் பெட்ரோல் வண்டியின் புகை மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆதலால் ஹார்டாங்கர்விடா தடுப்புக் கம்பத்தின் முன்னே வந்து நிற்கும் முன், விவரமறிந்த குடும்பத்தார் அடிவாரத்திலேயே பாட்டரியை நிரப்பிக்கொள்கின்றனர். டிக்கியில் மண்வாரி, டார்ச் விளக்கு, இழுகயிறு, பிளாஸ்க்கில் சூடான பானம், தின்பண்டம் ஆகியவை இருக்கும். கம்பளிப் போர்வைகளை மட்டும் டிக்கியில் வைப்பதில்லை. கதவைத் திறந்தால் அதுவரை சேர்த்த சூடெல்லாம் ஒரே நொடியில் போய்விடுமாதலால், அவை பின்னிருக்கையிலேயே கைக்கெட்டும்படி, தலைக்கு ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருக்கும்.